'சவுண்ட் ஒஃப் மியூசிக்' பார்த்தபின் திருகோணமலையில் கேட்கப்படும் கேள்விகள்

நகரத்துச் சனசமூக நிலைய மண்டபத்தில் அவ்வப்போது படம் திரையிடுகிறோம். மற்றப் படங்கள் முடிந்ததும் சனம் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி சவுண்ட் ஒஃப் மியூசிக்' திரையிட்டால் மட்டும் அப்படி நடப்பதில்லை. கதிரை அடுக்கும்போது கேள்வி, வாசலில் கேள்வி, மறுநாள் மீன் சந்தையிலும் கேள்வி. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறோம். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. ஒத்துவராதவர்கள் மண்டபத்துக்கு வந்து சண்டை பிடிக்கலாம்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரம், 1930களின் இறுதி. அருட்சகோதரியாகும் எண்ணத்தோடு கன்னியர் மடத்தில் சேர்ந்த மரியா என்ற துடுக்கான பெண்ணை, மடத்துத் தலைவி ஒரு வீட்டுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்புகிறார். மனைவியை இழந்த கடற்படைக் கப்டன் வொன் ட்ராப்பின் வீடு அது. ஏழு பிள்ளைகள். விசில் ஊதினால் வரிசையில் வந்து நிற்பார்கள். பாட்டுக்கு அங்கே இடமில்லை. மரியா அவர்களுக்குப் பாடக் கற்றுக்கொடுக்கிறாள். பிள்ளைகள் மாறுகிறார்கள், கப்டன் மாறுகிறார், இருவரும் மணம் முடிக்கிறார்கள். அதற்குள் ஹிட்லரின் ஜேர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிவிடுகிறது. கப்டனை நாஜிக் கடற்படையில் சேரச் சொல்லிக் கட்டளை வருகிறது. பாட்டுப் போட்டி மேடையிலிருந்து நழுவிக் குடும்பத்தோடு மலையேறிவிடுகிறார். ராபர்ட் வைஸ் இயக்கிய படம். ஜூலி ஆண்ட்ரூஸ் மரியாவாகவும் கிறிஸ்டோபர் பிளம்மர் கப்டனாகவும் நடித்தார்கள். சிறந்த படத்துக்கான விருது உட்பட ஐந்து ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன.

இவ்வளவு பழைய படத்துக்கு இன்னும் அழுகிறார்களே, எந்த இடத்தில் அழுகிறார்கள்?

காதல் காட்சியில் இங்கே யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பலர் தேநீர் குடிக்க எழுந்து போகிறார்கள். அழுகை வருவது வேறோர் இடத்தில். பிள்ளைகளுக்குத் திரைச்சீலைத் துணியில் உடுப்புத் தைத்துப் போட்டு ஊர் சுற்றவிட்டதற்காகக் கப்டன் மரியாவைத் திட்டி, பெட்டியைக் கட்டச் சொல்கிறார். வீட்டுக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கிறது. வந்திருக்கும் விருந்தாளிக்காகப் பிள்ளைகள் பாடுகிறார்கள். வாசலில் நின்று கேட்டவர், தன்னை அறியாமல் தாமும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார். பிள்ளைகள் அப்பாவின் பாட்டுக் குரலை மறந்தே போயிருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரியும்.

அந்த இடத்தில்தான் மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் தொடங்கும். ஐம்பது தாண்டிய ஆண்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். கேட்டால் தூசி என்பார்கள்.

காரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. நம்முடைய வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் வானொலி நின்றுவிடும். அந்தியேட்டி வரைக்கும் பாட்டுக் கிடையாது. சில வீடுகளில் ஆட்டைத் திவசம் வரை பிறந்தநாளும் இல்லை, பொங்கல் பானையும் இல்லை. திவசம் முடிந்தபின் வழமைக்குத் திரும்பலாம் என்பது முறை. ஆனால் திரும்பாத வீடுகளும் இருக்கின்றன. தொடக்கத்தில் துக்கத்துக்காகக் காத்த மௌனம், பிறகு அந்த வீட்டின் சுபாவமாகவே ஆகிவிடும். பிள்ளைகள் குரல் தாழ்த்திப் பேசியே வளர்வார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் அப்படி எத்தனையோ வீடுகள். கப்டனின் வீட்டை நம்மவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வெளிநாட்டு விமர்சனங்கள் இதை மரியாவின் கதை என்று எழுதுகின்றன. நம்மவர்களுக்கு இது செத்தவீட்டு மௌனம் கலையாத ஒரு வீட்டின் கதை.

அப்படியானால் கப்டன் கொடுமைக்காரர் இல்லையா?

இளம் பிள்ளைகள் கொடுமைக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அம்மம்மாமார் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. "பாவம், அந்த மனிசன் பெண்சாதியை நினைத்துக்கொண்டு திரிகிறான்" என்பதோடு முடித்துவிடுவார்கள்.

உண்மைக் கப்டன் ஜோர்ஜ் வொன் ட்ராப், படத்தில் வருபவரைப்போல இறுகிய மனிதர் இல்லை. அவருடைய முதல் மனைவி ஆகத்தே 1922இல் செங்காய்ச்சலில் இறந்தார். அவர் பிள்ளைகளோடு அன்பாகப் பழகியவர், மரியா வருவதற்கு முன்பே வீட்டில் பாட்டும் வாத்தியமும் இருந்தன என்று அவருடைய பிள்ளைகள் பின்னாளில் சொன்னார்கள். அப்பாவைப் படத்தில் அப்படிக் காட்டியது அவர்களுக்குக் கடைசிவரை மனக்குறையாகவே இருந்தது. கதைக்கு மௌனமான வீடு தேவைப்பட்டது. அந்த மௌனத்தைச் சுமத்த ஓர் ஆள் தேவைப்பட்டார். அப்பாமார்மீது இப்படிப் பழி விழுவது சினிமாவுக்குப் புதிதா என்ன!

ஆஸ்திரியாவுக்குக் கடலே இல்லையே! கடற்படைக் கப்டன் எங்கிருந்து வந்தார்?

இந்தக் கேள்வி இங்கே ஒவ்வொரு முறையும் வருகிறது. துறைமுக ஊரில் வராமல் இருந்தால்தான் அதிசயம். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊர் இது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட கதையைத் தாத்தாமார் வாயால் கேட்டு வளர்ந்த சனத்திடம், கடல் இல்லாத நாட்டுக் கடற்படையை ஒப்புக்கொள்ளச் செய்வது இலகுவானதல்ல.

பதில்: முதலாம் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் சேர்ந்த பேரரசு ஒன்று இருந்தது. ஏட்ரியாட்டிக் கடலோரம் அதன் கையில் இருந்தது. கடற்படையின் தலைமைத் தளம் போலா என்னும் துறைமுகம். ஜோர்ஜ் வொன் ட்ராப் அந்தப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் கப்டனாகப் பெயர் பெற்றவர். 1918இல் பேரரசு சிதறியது. ஆஸ்திரியாவுக்குக் கடற்கரை இல்லாமல் போயிற்று. கப்பலும் இல்லை, கடலும் இல்லை, கப்டன் பட்டம் மட்டும் மிஞ்சியது. இன்னொரு செய்தியும் உண்டு. அவருடைய முதல் மனைவி, டொர்பீடோவை உருவாக்கிய ராபர்ட் வைட்ஹெட்டின் பேத்தி.

இதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி பாருங்கள். கடலை இழந்த மாலுமி மலைகளுக்கு நடுவே பிள்ளைகளுக்கு மாலுமி உடுப்புப் போட்டு விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். படம் இதை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் படத்திலேயே பெரிய சோகம்.

விசில் உண்மையா?

உண்மை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிச் சமிக்ஞை இருந்தது. வீடும் தோட்டமும் பெரியவை; கூப்பிட்டால் கேட்காது. மாலுமி உடுப்பும் உண்மைதான்.

மரியாவைச் சித்தியாக இவ்வளவு விரைவில் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்களா?

படத்தில் எல்லாம் ஒரு கோடைகாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. உண்மையில் மரியா 1926இல் அந்த வீட்டுக்கு வந்தார். ஏழு பேரையும் பார்ப்பதற்காக வரவில்லை. காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஒரு மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். 1927இல் மணம் முடித்தார். அவர்களுக்கு மேலும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்; மொத்தம் பத்து. நாட்டைவிட்டுப் போனது 1938இல். மணமாகிப் பதினொரு வருடம் கழித்து.

சித்தி என்றால் நம்முடைய பழைய படங்களில் அகப்பையும் கையுமாக நிற்பவள். ஆனால் நம்முடைய ஊர்களில் அம்மாவை இழந்த பிள்ளைகளை வளர்த்தவர்கள் பெரும்பாலும் சின்னம்மாவும் அம்மம்மாவும்தான். அதனால் மரியாவைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. "ஏழு பிள்ளைகளுக்கும் சமைத்தது யார்?" என்று ஒரு மாமி கேட்டார். சமையற்காரி இருக்கிறாள் என்றேன். "அப்போது பாடலாம்தான்" என்றார்.

பரோனஸ் பாவம் இல்லையா?

பாவம்தான். கப்டனை மணக்க வந்திருந்த செல்வந்தப் பெண். அவர் மனம் மரியாவிடம் போய்விட்டதைக் கண்டதும், ஒரு சொல் கடுமையாகப் பேசாமல் தானாகவே விலகிப்போகிறாள். நம்முடைய படமாக இருந்தால் பாலில் எதையாவது கலந்திருப்பாள். அவளுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் ஒவ்வொரு திரையிடலிலும் கூடிக்கொண்டு போகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

டோ ரே மி என்பது நம்முடைய சரிகமபதநிதானா? எந்த ராகம்?

ஏழு சுரம் என்பது இரு பக்கமும் உண்டு. பெயர் வந்த வழிதான் வேறு. டோ ரே மி முறைக்கு வழிவகுத்தவர் 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குயிடோ என்ற துறவி. ஒரு லத்தீன் துதிப்பாடலின் அடிகள் ஒவ்வொன்றும் ஒரு சுரம் உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவற்றின் முதலசைகளையே சுரப் பெயர்களாக வைத்தார்.

படத்துப் பாட்டு மேற்கத்திய மேஜர் அளவுகோலில் போகிறது. அதன் சுரங்கள் நம்முடைய 29ஆவது மேளகர்த்தாவான தீரசங்கராபரணத்தின் சுரங்கள். அதற்காக அந்தப் பாட்டைச் சங்கராபரணம் என்று சொல்லிவிட முடியாது. கமகம் இல்லாமல் சுரத்தை நேராகத் தொட்டுப் போனால் ராகம் கண் திறக்காது. மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சாகித்தியம் எழுதியிருக்கிறார், நோட்டுசுவரம் என்பார்கள். சங்கீதம் படிக்கும் பிள்ளையிடம் அதில் ஒன்றைப் பாடச் சொல்லி, உடனே இந்தப் பாட்டையும் பாடச் சொல்லுங்கள். பிள்ளையே விளங்கிக்கொள்ளும்.

முதல் சுரத்துக்குப் பெண்மான் என்று பாட்டில் விளக்கம் வரும். இங்கே சின்னப் பிள்ளைகள் அந்த இடத்தில் கைதட்டுவார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோயிலுக்குப் போகும் வழியில் மான் பார்த்தவர்கள் அல்லவா.

எடல்வைஸ் பாட்டு ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடலா?

இல்லை. அப்படி நம்புகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். இந்தப் படத்துக்கு மூலமான மேடை இசைநாடகத்துக்காக 1959இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. இசை ரிச்சர்ட் ரொஜர்ஸ், வரிகள் ஒஸ்கார் ஹாமர்ஸ்டைன். ஹாமர்ஸ்டைன் கடைசியாக எழுதிய பாட்டு இதுதான், மறுவருடம் இறந்துவிட்டார். மலையில் பூக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பூவைப் பற்றிய பாட்டு. படத்தில் இருமுறை வருகிறது. முதல் முறை வீட்டுக்குள், கிற்றாரோடு. இரண்டாம் முறை போட்டி மேடையில், நாஜி அதிகாரிகள் முன்வரிசையில் இருக்கும்போது. பாதியில் கப்டனுக்குத் தொண்டை அடைக்கிறது. மரியா தொடர்கிறாள், பிள்ளைகள் சேருகிறார்கள், பிறகு சபை முழுவதும் பாடுகிறது. நாடு என்ற சொல்லை மேடையில் உரக்கச் சொல்ல முடியாத காலத்தில் பூவைப் பாடினால் போதும் என்பது இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை.

நடிகர்களே பாடினார்களா?

ஜூலி ஆண்ட்ரூஸ் பாடினார். கப்டனுக்கும் மடத்துத் தலைவிக்கும் பின்னணிக் குரல். கப்டனுக்குப் பாடியவர் பில் லீ. ஆங்கிலப் படம் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கேட்டு ஏமாற்றப்பட்டதுபோல முகம் சுளிக்கிறார்கள். டி. எம். சௌந்தரராஜன் குரலில் சிவாஜியைப் பார்த்து வளர்ந்த நமக்கு என்ன ஏமாற்றம்?

படம் பார்த்ததிலிருந்து என் மகளைச் சங்கீத வகுப்பில் சேர்க்க ஆசை. எந்த வயதில் சேர்க்கலாம்?

படம் முடிந்த வாரத்தில் இந்தக் கேள்வி மழைபோல வரும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக் காலம் நெருங்கியதும் அதே மழை ஓய்ந்துவிடும். "சோதனை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று வகுப்பிலிருந்து பிள்ளையை நிறுத்துகிறவர்கள், படத்தில் கைக்குட்டை நனைய அழுதவர்கள்தான். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

சேர்ப்பதென்றால் தாராளமாகச் சேருங்கள். நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறார்கள். பாடசாலையிலும் சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் படத்தில் வரும் பிள்ளைகள் எந்தச் சான்றிதழுக்கும் பாடவில்லை. இடி இடித்துப் பயந்தபோது பாடினார்கள், படுக்கப் போகும்போது பாடினார்கள். நம்முடைய வீடுகளிலும் அது இருந்தது. மாலையில் விளக்கேற்றியதும் தேவாரம். சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்தை, புறநீர்மை என்ற பண்ணின் பெயர் தெரியாமலே, அப்பப்பாவின் பக்கத்தில் இருந்து பாடிப் பாடம் பண்ணியவர்கள் நம்மில் எத்தனை பேர்! கத்தோலிக்க வீடுகளில் செபமாலைக்குப் பிறகு மாதா பாட்டு. சுருதி முன்பின்தான். யாரும் யாருக்கும் புள்ளி போடவில்லை. வகுப்புக்கு அனுப்புவதற்கு முன் அந்த நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துப் பாருங்கள். பாடுவது நீங்களாக இருக்கட்டும், கப்டனைப்போல.

பிள்ளைகள் பயப்படுகிறார்கள். திருமணத்தோடு படத்தை நிறுத்திவிடலாமா?

மாட்டோம். ஜேர்மனியின் மியூனிக் நகரத்தில் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். திருமணத்துக்குப் பிறகு வருவதை, அதாவது நாஜிகள் வரும் பகுதியை, வெட்டிவிட்டு ஓட்டினார்கள். படத்தை எடுத்த நிறுவனம் தலையிட்டு வெட்டியதைத் திரும்பச் சேர்க்கச் செய்தது. பயந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அருட்சகோதரிகள் நாஜிக் காரின் பாகங்களைக் கழற்றி அங்கிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, "பாவம் செய்துவிட்டோம்" என்று தலைவியிடம் சொல்லும் இடத்தில் அதே பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

உண்மையிலேயே மலை ஏறித்தான் தப்பினார்களா?

ரயிலில் போனார்கள். கப்டன் பிறந்த ஊர் போருக்குப்பின் இத்தாலிக்குப் போய்விட்டதால் குடும்பத்துக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. 1938இல் இத்தாலிக்கு ரயில் ஏறி, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பாடிப் பிழைத்தார்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து அந்த மலையைத் தாண்டினால் வருவது ஜேர்மனி. அதுவும் ஹிட்லரின் மலைவீடு இருந்த பக்கம். படம் எடுத்தவர்களுக்கு மலை அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுத் திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்?

வேறெந்த ஊரிலும் இந்தக் கேள்வியைக் கேட்பார்களா என்று எனக்குச் சந்தேகம். இங்கே கேட்கிறார்கள். முதலில் கேட்டவர் 2006இல் சம்பூரிலிருந்து வெளியேறி, பத்து வருடத்துக்குக் கிட்ட முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பிய ஐயா ஒருவர். படம் முடிந்து எல்லோரும் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் வீட்டைப் பற்றிக் கேட்டார். மாடும் ஆடும் வைத்திருந்தார்களா என்றும் கேட்டார்.

படத்தில் திறப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. காரைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார்கள். வீட்டை அதன்பிறகு நாம் பார்ப்பதில்லை. உண்மையில் நடந்தது: சால்ஸ்பர்க்கில் இருந்த அவர்களுடைய வீட்டை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். நாஜித் தலைவர்களில் ஒருவனான ஹிம்லர் போர்க்காலத்தில் அதைத் தன் தங்குமிடமாக வைத்திருந்தான். குடும்பம் அமெரிக்காவில் வெர்மொன்ட் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊரில் பண்ணை வாங்கிக் குடியேறியது. போருக்குப்பின் வீடு திரும்பக் கிடைத்தும் அவர்கள் அங்கே வாழப் போகவில்லை. ஒரு துறவிகள் சபையிடம் கொடுத்துவிட்டார்கள். கப்டன் 1947இல் ஸ்டோவில்தான் இறந்தார்.

இதைச் சொன்னபோது ஐயா, "காணி கிடைத்தும் போகவில்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். கடைசிக் காட்சியை மகிழ்ச்சியான முடிவு என்று புத்தகங்கள் சொல்லும். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அது அப்படித் தெரிவதில்லை. பிள்ளைகள் கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்க, வீட்டைத் தனியே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் அந்தக் காட்சியில் மலையைப் பார்ப்பதில்லை. கப்டனின் முதுகில் இருக்கும் சின்ன மகளையே பார்க்கிறார்கள்.

அளவுக்கு மீறிய இனிப்பு என்று விமர்சகர்கள் சொன்னார்களாமே?

சொன்னார்கள். அமெரிக்க விமர்சகர் போலின் கேல் கடுமையாகத் தாக்கி எழுதினார். கப்டனாக நடித்த பிளம்மரே பல வருடங்கள் இந்தப் படத்தைக் கேலி செய்து, வயதானபின் மனம் இளகினார். இனிப்பு என்பதை நானும் மறுக்கவில்லை. பொம்மலாட்டப் பாட்டு எனக்குப் பொறுக்காது. அந்த நேரத்தில் நான் புரொஜெக்டரைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி வெளியே போய்விடுவேன்.

'சாந்தி நிலையம்' இதைப் பார்த்து எடுத்ததா?

1969இல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த படம். தாய் இல்லாத பிள்ளைகள், வீட்டுக்கு வரும் ஆசிரியை என்ற சாயல் தெளிவாகவே தெரியும். மூத்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு விடிய விடியப் பேசத் தயார். நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.

ஆங்கிலம் தெரியாது. வரலாமா? எவ்வளவு நேரம் ஓடும்?

வரலாம். ஒவ்வொரு பகுதிக்கும் முன் தமிழில் சுருக்கம் சொல்கிறோம். படம் 174 நிமிடம். மரியா யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகும் இடத்தில் இடைவேளை. படத்திலேயே அங்கேதான் வைத்திருக்கிறார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் மதியத்துக்குப் பிறகு உடனே தொடங்கிவிடுவோம்.

கூடச் சேர்ந்து பாடலாமா?

பாடலாம். சுருதி கேட்கமாட்டோம். கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பின்னால் இருப்பவருக்குத் திரையை மறைப்பவர்களை மட்டும் வெளியே அனுப்புவோம், பெரியப்பாவாக இருந்தாலும்.